கடை வாசலில் ஓர் இரவு: டார்க் காமெடி எப்படி வேலை செய்கிறது?

ஒரு படத்தில் நாலு பேர் செத்து, நடுவில் யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது பேசிவிட்டால் போதும், அது ‘டார்க் காமெடி’ ஆகிவிடுகிறது. போஸ்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், அடுத்தவருடைய நோயையோ ஏழ்மையையோ கிண்டலடித்துவிட்டு, கேட்பவர் முகம் சுளித்தால் “இது டார்க் காமெடி, உங்களுக்குப் புரியாது” என்று தப்பித்துக்கொள்ளும் கூட்டமும் இருக்கிறது. இந்தக் களேபரத்தில், அப்படிப்பட்ட படம் பார்க்கிறவரை என்ன செய்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

கும்பல், கடத்தல், துரத்தல் எதுவுமே இல்லாத ஒரு படத்தை வைத்து அதை விளக்கிப் பார்க்கிறேன். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கி 1996-இல் வந்த ‘சபர்பியா’ என்ற அமெரிக்கப் படம். எரிக் பொகோசியன் எழுதி 1994-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் மேடையேறிய நாடகம் அது. திரைக்கதையையும் அவரே எழுதினார். ஒரு கடை வாசல், ஒரு ராத்திரி, இருபதைத் தாண்டிய சில இளைஞர்கள். அவ்வளவுதான் சரக்கு. ரத்தம் கண்ணை மறைக்காததால் உள்ளே சுழலும் எந்திரம் நன்றாகத் தெரியும். முடிவு வரை கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்; பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

துக்க வீட்டுக் காப்பி

துக்க வீட்டுக்குப் போன எல்லோருக்கும் இந்த ஆளைத் தெரியும். கூடத்தில் உடல் கிடக்கிறது. பெண்கள் அழுது ஓய்ந்து மறுபடி அழத் தொடங்குகிறார்கள். வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமா ஒருவர், பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னப்பா இது, டிகாஷனே இறங்கலையே” என்கிறார். கொண்டுவந்த பையனைக் கூப்பிடுகிறார். பால் எங்கே வாங்கினது, தூள் எந்தக் கடை என்று விசாரணை நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வர, துண்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

சாவைப் பார்த்து இங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்த இடத்தின் கனம் எவ்வளவு, மாமா பிடித்துக்கொண்டு தொங்கும் விஷயம் எவ்வளவு! இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம். எல்லோருக்கும் தெரியும் அந்தப் பள்ளம் அவர் கண்ணுக்கு மட்டும் படவில்லை. சிரிப்பு வருவது அதனால்தான்.

இன்னும் ஒரு படி போவோம். செத்தவர் அந்த மாமாவின் சொந்தத் தம்பி என்று அப்புறம் ஒருவர் காதில் சொல்கிறார். அண்ணனும் தம்பியும் தினம் காலையில் சேர்ந்து உட்கார்ந்து காப்பி குடிப்பவர்களாம். இப்போது அதே விசாரணையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். வேடிக்கை போய்விடவில்லை, அவர் இன்னும் தூள் எந்தக் கடை என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்கிறது. கூடத்துக்குள் போகாமல் இருப்பதற்காகவே அவர் காப்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். துண்டை வாயில் வைத்துச் சிரித்தவர்களுக்கும் கொஞ்சம் கூச்சமாகிவிடுகிறது.

முதல் பாதியோடு நின்றிருந்தால் அது வெறும் காமெடி. இரண்டாம் பாதி வந்து ஒட்டிக்கொண்டதும் டார்க் காமெடி.

மனசு மரத்துப்போவதும், மரப்பு விடுவதும்

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் 1900-இல் சிரிப்பைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சிரிக்க வேண்டுமானால் மனசு ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான கருத்து. தெருவில் ஓடிவந்து தடுக்கி விழுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஐயோ, முட்டி உடைந்திருக்குமோ என்று தோன்றிவிட்டால் சிரிப்பு போய்விடும். இரக்கம் விழித்திருக்கும்போது சிரிப்பு வராது என்கிறார் பெர்க்சன்.

வழக்கமான காமெடிப் படம் இந்த மரப்பைக் கடைசிவரை காப்பாற்றித் தரும். அடி வாங்கியவன் அடுத்த காட்சியில் தலையில் கட்டோடு வந்து இன்னும் நாலு அடி வாங்குவான். அவனுக்கு வலிக்குமே என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. சோகப்படம் மரத்துப்போகவே விடாது. டார்க் காமெடி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறது. முதலில் மரக்கவைக்கும். நாம் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் மரப்பை எடுத்துவிடும். சிரிப்பு இன்னும் முடிந்திருக்காது, வலி வந்துவிட்டிருக்கும். பிணமும் துப்பாக்கியும் இதற்குக் கைகொடுக்கும் சாமான்கள், அவ்வளவே. அவை இல்லாமலும் எந்திரம் ஓடும்.

டார்க் காமெடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கும் இன்னொரு வகை நகைச்சுவையைப் பிரித்துக் காட்டிவிட வேண்டும், ஏனென்றால் அடிக்கடி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை தூக்குப் போடக் கூட்டிச்செல்லப்படும் கைதி, “வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது” என்கிறான். சிக்மண்ட் ஃப்ராய்ட் எடுத்துக்காட்டிய பழைய ஜோக் இது. இதைத் தூக்குமேடை நகைச்சுவை என்பார்கள். சொல்கிறவனுக்குத் தன் கதி முழுக்கத் தெரியும். தெரிந்துகொண்டே விதியின் முகத்தில் ஒரு கிண்டலை வீசுகிறான். நாம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம். டார்க் காமெடியில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். பாத்திரத்துக்குத் தன் கதி தெரியாது, நமக்குத் தெரியும். பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நாடக முரண் என்று பெயர். கிரேக்க நாடகங்களின் காலத்திலிருந்தே இருக்கும் உத்திதான்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: பெரிய விஷயத்தின் நடுவில் சின்ன விஷயத்தைப் பிடித்துத் தொங்கும் ஆள், அது தெரிந்து சிரிக்கும் நாம், சிரிப்பு முடிவதற்குள் திரும்பி வரும் வலி.

கடை இல்லாத தெருக்கள்

‘சபர்பியா’ பார்க்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, “இந்தப் பையன்கள் ஏன் விடிய விடிய கடை வாசலிலேயே கிடக்கிறார்கள்?” என்பதைத்தான். தாம்பரத்தையோ ஆவடியையோ மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அங்கெல்லாம் தெருமுனையில் டீக்கடை, மாடியில் டியூஷன் சென்டர், எதிரே பஸ் ஸ்டாப். அமெரிக்கப் புறநகரின் குடியிருப்புத் தெருவில் இவை இருக்காது. கவனக்குறைவால் விட்டுப்போனவை என்று நினைக்காதீர்கள். விதி போட்டுத் தள்ளிவைத்தவை.

ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லண்டை ஒட்டி யூக்ளிட் என்று ஓர் ஊர். இந்தப் பக்கம் வீடுகள் மட்டும், அந்தப் பக்கம் கடைகள், அதற்கு அப்பால் தொழிற்சாலைகள் என்று அந்த ஊர் நிலத்தைப் பிரித்தது. அங்கே நிலம் வைத்திருந்த நிறுவனம் ஒன்று வழக்குப் போட, 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்த நிலத்தில் எது வரலாம் என்று முன்கூட்டியே வகுத்துவைக்கும் இந்த முறைக்கு மண்டல விதி என்று பெயர். நாடு முழுக்க ஊர்கள் இதைப் பிடித்துக்கொண்டன.

அப்புறம் பணம் வந்தது. 1934-இல் வீட்டுக் கடனுக்கு மத்திய அரசு காப்பீடு கொடுக்கத் தொடங்கியது. 1944-இல் வந்த சட்டம் போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வீட்டுக் கடனைச் சுலபமாக்கியது. 1947-இல் நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட் குடும்பத்தின் நிறுவனம் வரிசை வரிசையாக வீடு கட்ட ஆரம்பித்தது. சில வருஷங்களில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஏறக்குறைய ஒரே அச்சு. வேலையை 27 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு குழு வீடு வீடாக நகர்ந்துபோனது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பார். இங்கே வீடு நின்றது, ஆள் நகர்ந்தார். அந்த லெவிட்டவுனில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஆரம்பகால ஒப்பந்தங்களிலேயே எழுதியிருந்தார்கள். அழகான புல்வெளிக்குப் பின்னால் இருக்கும் இந்த விஷயத்தைப் படத்தின் ஒரு பாத்திரத்துக்காக ஞாபகம் வைத்திருங்கள்.

1956-இல் மத்திய அரசு 41,000 மைல் நெடுஞ்சாலைக்குப் பணம் ஒதுக்கியது. வீடு ஒரு மூலை, வேலை இன்னொரு மூலை, நடுவில் கார் என்று வாழ்க்கை அமைந்துபோனது. பெரியவர்களுக்கு அது சௌகரியம். கார் இல்லாத பிள்ளைகளுக்கும், கார் இருந்தும் போக இடமில்லாத இளைஞர்களுக்கும்தான் பிரச்சினை. வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத, சும்மா போய் உட்கார்ந்து நாலு பேரைப் பார்க்கக்கூடிய இடத்தைச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் ‘மூன்றாம் இடம்’ என்றார். அமெரிக்கப் புறநகரில் அது அருகிப்போய்விட்டது என்பதே அவருடைய வருத்தம். பாருக்குப் போகலாமா என்றால் 21 வயது ஆகவேண்டும். அந்த வயதை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும் என்று 1984-இல் மத்திய சட்டமே வந்தது.

மிஞ்சியது பெரிய சாலை ஓரத்தில், கார் நிறுத்தத்தின் நடுவில், குழல் விளக்கு எரியும் ஒரு சின்னக் கடை. பால், ரொட்டி, பீர், சிகரெட், சிப்ஸ். இதன் முன்னோடி 1927-இல் டெக்ஸாஸின் டல்லஸ் நகரில் ஐஸ் விற்ற ஒரு நிறுவனம். ஐஸோடு சேர்த்துப் பாலும் முட்டையும் வைத்தார்கள், வியாபாரம் பிடித்துக்கொண்டது. காலை 7 முதல் இரவு 11 வரை என்று நேரத்தை நீட்டி 1946-இல் செவன்-இலெவன் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்டின் நகரில் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டம் முடிந்த ஒரு ராத்திரி, கூட்டம் ஓயாததால் கடையை மூடவே முடியவில்லை. விடிய விடியத் திறந்திருக்கும் பழக்கம் அந்த நிறுவனத்தில் அங்கிருந்து ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். லிங்க்லேட்டர் தன் படத்தை எடுத்ததும் அதே ஆஸ்டினில்தான்.

ஆக, பையன்கள் கடை வாசலில் நிற்பதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. ராத்திரி விளக்கு எரியும் ஒரே இடம் அது. அங்கேயும் வாங்கினால்தான் வரவேற்பு, நின்றால் விரட்டு.

சுபம் போட்ட பிறகு பிறந்தவர்கள்

போரிலிருந்து வந்த தலைமுறைக்குத் தோட்டத்தோடு கூடிய சொந்த வீடு கதையின் முடிவு. அங்கே ‘சுபம்’ கார்டு போட்டுவிடலாம். அவர்களுடைய பேரன்கள் பிறந்ததே அந்தக் கார்டுக்குப் பிறகு. படம் முடிந்த தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் இவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வேலையில்லாப் பட்டதாரியைப் பற்றிய நம்மூர்ப் படங்களோடு ‘சபர்பியா’ மாதிரிப் படங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான். அங்கே பசி இருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் இருக்கிறது, எதிரி யார் என்று தெரிகிறது. இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எதிரி என்று விரல் நீட்ட ஆளே இல்லை.

படத்தின் ஊர் பர்ன்ஃபீல்ட், கற்பனைப் பெயர். ஜெஃப் (ஜியோவானி ரிபிஸி) பெற்றோர் வீட்டு கராஜில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறான். உலகத்தின் அத்தனை அநியாயத்தையும் மூச்சுவிடாமல் பேசுவான், ஒரு அடி நகரமாட்டான். டிம் (நிக்கி கேட்) விமானப்படைக்குப் போய், விரல் நுனி போய்த் திரும்பி வந்தவன். இப்போது குடியும் கசப்பும்தான் அவன் முழுநேர வேலை. பஃப் (ஸ்டீவ் ஸான்) பீட்ஸா கடையில் வேலை செய்கிறான், தலைக்குள் எதுவும் இல்லை, அதனாலேயே சந்தோஷமாக இருக்கிறான். ஜெஃப்பின் காதலி சூஸ் நியூயார்க்குப் போய்க் கலைஞராக வேண்டும் என்கிறாள். அவளுடைய தோழி பிபி ஆஸ்பத்திரியில் உதவியாளர். குடியிலிருந்து மீள சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பியவள். பிபி அதிகம் பேசுவதில்லை. அதனால் நாமும் அவளை அதிகம் கவனிப்பதில்லை. இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

இவர்கள் ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள். பள்ளியில் கூடப் படித்த போனி ராக் பாடகனாகி, ஓரளவு பெயர் வாங்கி, கச்சேரிக்காக ஊருக்கு வந்திருக்கிறான். 1953-இல் பாரிஸில் மேடையேறிய சாமுவேல் பெக்கெட்டின் புகழ்பெற்ற நாடகத்தில் இரண்டு பேர் ஒருவருக்காகக் காத்திருப்பார்கள், அவர் வரவே மாட்டார். இந்தப் படத்தில் எதிர்பார்த்தவன் வந்துவிடுகிறான். லிமோசினில், கூடவே எரிக்கா என்ற விளம்பரப் பொறுப்பாளினியோடு வருகிறான். எனக்கு இது பெக்கெட்டைவிடக் கொடுமையாகப் படுகிறது. வராதவரைப் பற்றிக் கனவாவது காணலாம். வந்தவனோ சாதாரணமானவன், கொஞ்சம் சலிப்பூட்டுகிறவன்கூட. அவன் ஜெயித்ததற்கும் இவர்கள் தேங்கியதற்கும் பெரிய காரணம் எதையும் படம் காட்டுவதில்லை.

கடைக்காரர் நசீரை மறக்கக் கூடாது. பாகிஸ்தானிலிருந்து வந்தவர். இந்திய வம்சாவளி நடிகர் அஜய் நாயுடு இதற்காக இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ராத்திரி கடை, பகலில் பொறியியல் படிப்பு. படிப்பை முடித்து, வீடு வாங்கி, நீச்சல்குளம் கட்டப்போகிறார். டிம் அவரைப் பார்த்து இனவெறியைக் கொட்டுகிறான். ஒரு கட்டத்தில் துப்பாக்கி வரை போகிறது. அதே கார் நிறுத்தத்தில் ஒருவர் எந்த வாழ்க்கையை நோக்கி மூச்சிரைக்க ஓடுகிறாரோ, அதே வாழ்க்கைக்குள் பிறந்தவர்கள் சுவரில் சாய்ந்து பீர் குடிக்கிறார்கள். ஒரு காலத்தில் நசீரைப் போன்றவர்களை உள்ளே விடாமல் கட்டிய லெவிட்டவுன் மாதிரி ஊர்களின் வழி வந்த வாழ்க்கை இது. இந்தப் பொருத்தமின்மைதான் படத்தின் நகைச்சுவைக்கு எலும்புக்கூடு.

இல்லாத பிணம்

இப்போது எந்திரத்தைத் திறந்து பார்க்கலாம்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகச் சிரிக்கலாம். பஃப் எதைச் செய்தாலும் சிரிப்பு. ஜெஃப்பின் வாய்ச்சவடால் சிரிப்பு. அவன் எதை எதிர்த்துப் பேசுகிறானோ அதைத்தான் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறான். பெர்க்சன் சொன்ன மரப்பு ஏறிவிட்டது. இவர்களைக் கார்ட்டூன் பொம்மைகளாகப் பார்க்கப் பழகிவிட்டோம்.

பிறகு டிம்மோடு போன எரிக்காவைக் காணோம். அவளைக் கொன்றுவிட்டதாக ஜெஃப் நம்பும்படி டிம் பேசுகிறான். படத்தின் சூடு முழுவதும் இந்தப் பக்கம் திரும்புகிறது. ஜெஃப் பதறுகிறான், யோசிக்கிறான், நியாயம் பேசுகிறான். ஒருத்தி உயிரோடு இருக்கிறாளா என்று போய்ப் பார்ப்பதைத் தவிர எல்லாம் செய்கிறான். ‘டார்க்’ என்றால் பிணம் என்று நம்பி வந்த பார்வையாளரும் ஜெஃப்போடு சேர்ந்து அந்தப் பிணத்துக்காகக் காத்திருக்கிறார்.

எரிக்கா உயிரோடு, ஒரு கீறல் இல்லாமல் வந்து நிற்கிறாள். பெரிய நிம்மதி, கூடவே சிரிப்பு. டிம் விளையாடியிருக்கிறான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பிபி கிடைக்கிறாள். கடையின் கூரைமேல், குடியும் மாத்திரையும் அளவு மீறி, அசைவில்லாமல். இல்லாத ஒரு பிணத்துக்காக இரவு முழுக்கப் பதறியவர்களில் யாரும், தலைக்கு மேலே கிடந்தவளைத் தேடவில்லை. நாமும் தேடவில்லை. அவள் போனதையே கவனித்திருக்கமாட்டோம், படம் நம்மை அப்படிப் பழக்கியிருந்தது. மரப்பு ஒரே நொடியில் விடுகிறது. அதுவரை சிரித்த ஒவ்வொரு காட்சியும் திரும்பி வந்து வேறு மாதிரித் தெரிகிறது. துக்க வீட்டில் ஒரு மாமாவிடம் நடந்தது இங்கே ஒரு கூட்டத்திடம் நடக்கிறது, பார்வையாளரையும் சேர்த்துக்கொண்டு.

நசீர் கடைசியில் அவர்களைப் பார்த்து, எல்லாவற்றையும் தூக்கி எறிகிறீர்களே, உங்களுக்கு என்னதான் கோளாறு என்கிற மாதிரி வெடிக்கிறார். பலர் இதைப் படத்தின் நீதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் கோபம் நியாயமானது, சந்தேகமே இல்லை. ஆனால் பேசுகிறவர் அதே மாதிரி வீட்டுக்கும் அதே நீச்சல்குளத்துக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர். நாடக முரண் அவரையும் விட்டுவைக்கவில்லை.

பிணம் இருந்தும் டார்க் இல்லாத படம்

ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக இன்னொரு படம் இருக்கிறது. கெவின் ஸ்மித் 1994-இல் எடுத்த ‘கிளர்க்ஸ்’. நியூ ஜெர்ஸியில் தான் வேலை பார்த்த கடையிலேயே, ராத்திரி கடை மூடிய பிறகு, சுமார் 27,000 டாலர் செலவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ராத்திரியில் எடுத்தது தெரியக் கூடாதல்லவா? அதனால் யாரோ பூட்டில் சூயிங்கம் அடைத்துவிட்டதால் ஷட்டர் திறக்கவில்லை என்று கதையிலேயே ஒரு சாக்கு வைத்துவிட்டார். ஏழைத் தயாரிப்பாளரின் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதிலும் கடை, இதிலும் திசையில்லாத இளைஞர்கள், இதில் ஒரு பிணமும் உண்டு. ஆனால் அந்தப் பிணம் ஒரு ஜோக்குக்குப் பயன்பட்டுவிட்டுப் போய்விடும். நமக்கு எங்கேயும் வலிக்காது. மரப்பு கடைசிவரை நிலைத்திருக்கிறது. இது நல்ல காமெடி, டார்க் காமெடி இல்லை. முதலில் எடுத்த முடிவில் கதாநாயகன் டான்டேயைத் திருடன் ஒருவன் சுட்டுக் கொன்றுவிடுவான். அனுபவசாலிகள் சொன்னதால் அந்த முடிவை வெட்டினார்கள். வெட்டியது சரிதான். கடைசி நிமிஷத்தில் ஒரு சாவை ஒட்டவைத்தால் முன்னால் வந்த சிரிப்பு எதுவும் இருளாகிவிடாது. ‘சபர்பியா’வில் பிபியின் மௌனம் ஆரம்பத்திலிருந்தே விதைக்கப்பட்டிருக்கிறது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

அடுத்தவர் துன்பத்தைக் கிண்டலடித்துவிட்டு டார்க் காமெடி என்பவர்களுக்கு ஜொனாதன் ஸ்விஃப்ட்டைக் காட்ட வேண்டும். 1729-இல் அவர் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம், அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். கேட்கவே குலை நடுங்குகிறது. ஆனால் அதில் ஏழைக் குழந்தை ஒரு இடத்திலும் கேலிப்பொருள் ஆவதில்லை. அமைதியான குரலில், புள்ளிவிவரத்தோடு, மனிதரை மாடாகக் கணக்கெடுக்கும் அந்தக் கெட்டிக்காரத் தொனியைத்தான் ஸ்விஃப்ட் கிழிக்கிறார். வலியில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கவைத்துவிட்டு அதோடு நிறுத்தினால் அதற்குக் கேலி என்று பழைய பெயர் இருக்கிறது. புதுப்பெயர் தேவையில்லை.

இந்த வகைப் படங்களைப் பற்றி எழும் இன்னொரு குறை, “ஒருத்தரைக்கூடப் பிடிக்கவில்லையே” என்பது. உண்மைதான். ஜெஃப் எரிச்சலூட்டுவான், டிம் அருவருப்பூட்டுவான், சூஸின் கலையைச் சகிக்க முடியாது. பிடித்துப்போனால் இரக்கம் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், மரப்பே ஏறாது. கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தான் பிறகு கிட்டே இழுக்க முடியும். இது எல்லோருடைய ருசிக்கும் ஏற்றதில்லை. இரண்டு மணி நேரம் இவர்களோடு நிற்பது சில இடங்களில் எனக்கே கடினமாக இருக்கிறது. நாடகமாக எழுதியதன் வாடை வசனங்களில் போகவில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு 2001-இல் வந்த ‘கோஸ்ட் வேர்ல்டு’ சுலபமான வாசல். பள்ளி முடித்த இரண்டு பெண்கள் பொழுதுபோகாமல், பத்திரிகையில் துணை தேடி விளம்பரம் கொடுத்த ஒரு தனி மனிதருக்குப் பொய்யாகப் போன் செய்து ஓர் உணவகத்துக்கு வரவழைக்கிறார்கள். அவர் வருகிறார். வராத பெண்ணுக்காகக் காத்திருக்கிறார். இவர்கள் இன்னொரு மேசையிலிருந்து பார்த்துச் சிரிக்கிறார்கள், நாமும்தான். அப்புறம் அவர் எழுந்து போகிறார். மேலே சொன்ன எந்திரம் முழுவதும் அந்தச் சில நிமிஷங்களில் ஓடி முடிந்துவிடும். அந்த மனிதராக வரும் ஸ்டீவ் புஷெமியின் முகத்தை முதலில் பார்த்துவிட்டு, ‘சபர்பியா’வுக்குப் பிறகு வரலாம்.